துருவ இருள், மூளை, பதற்றம்: வடநோர்வேயில் இருப்பவர்களுக்கான விவாத இழை

#1 வடகடல்

அக்டோபர் வந்தால் இதே கேள்வி நாலு இழையில் நாலு விதமாக வருகிறது. ஒரே இடத்தில் வைத்துப் பேசுவோம். "இருள் காலத்தில் மூளை மந்தமாகும், பதற்றம் கூடும், வடக்கே போனால் எல்லாருக்கும் இதுதான் கதி" என்பதில் எவ்வளவு உண்மை, அதற்கு என்ன செய்யலாம், இவை இரண்டும்தான் இங்கே பேச்சு.

முதலில் இருளின் அளவு. வடநோர்வே நகரமான ட்ரொம்சோ 69.65 பாகை வடக்கு. டிசம்பர் 21 நண்பகலில் சூரியன் அங்கே அடிவானத்துக்கு 3 பாகை கீழே நிற்கும். கும்மிருட்டு இல்லை. வானம் தெளிவாக இருந்தால் இரண்டு மூன்று மணி நேரம் நீல அந்தி வெளிச்சம், கீழே பனி இருந்தால் இன்னும் வெளிச்சம். இன்னும் வடக்கே, ஸ்வால்பார்டு தீவுகளில் உள்ள லாங்யியர்பீன் என்ற ஊர் 78.2 பாகை. அங்கே அதே நண்பகலில் சூரியன் ஏறத்தாழ 11.7 பாகை கீழே. கண்ணுக்கு அது இரவுதான். ஆகவே "துருவ இருள்" என்று இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டாதீர்கள்.

நாட்கணக்கும் வேறு. ட்ரொம்சோவில் நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி நடு வரை சூரியன் எழாது. சுற்றிலும் மலை என்பதால் ஊருக்குள் ஜனவரி 21 வாக்கில்தான் முகம் தெரியும். லாங்யியர்பீனில் அக்டோபர் கடைசி முதல் பிப்ரவரி நடு வரை இருள். அங்கும் மலை மறைப்பதால் பழைய மருத்துவமனைப் படிக்கட்டில் வெயில் விழும் மார்ச் 8ஐத்தான் ஊர் கொண்டாடுகிறது. கோடையில் தலைகீழ்: ட்ரொம்சோவில் மே 20 வாக்கிலிருந்து ஜூலை 22 வாக்கு வரை சூரியன் மறையாது.

மந்தம், மனச்சோர்வு, பதற்றம் மூன்றும் வெவ்வேறு. பதில் எழுதும்போது எதைப் பற்றி எழுதுகிறீர்கள் என்று சொல்லிவிடுங்கள்.

#2 நரம்புக்கணு

மூளைப் பக்கத்தை நான் எழுதுகிறேன்.

கண்ணின் விழித்திரையில் பார்ப்பதற்கான செல்கள் தவிர, மெலனாப்சின் என்ற நிறமி கொண்ட நரம்பணுக்கள் சில உண்டு. இவற்றுக்கு உருவம் முக்கியமில்லை, வெளிச்சம் எவ்வளவு என்பதுதான் கணக்கு. 480 நானோமீட்டர் பக்கத்து நீலத்துக்கு இவை கூடுதலாகத் துலங்கும். இங்கிருந்து கம்பி நேராக ஹைப்போதலாமசில் உள்ள மேற்குறுக்கு நரம்புக்கணுவுக்குப் போகிறது. ஏறக்குறைய 20,000 நரம்பணுக்கள் கொண்ட சின்னக் கட்டி அது, உடல்கடிகாரத்தின் தலைமை அங்கேதான். இரவில் பீனியல் சுரப்பி, இரவு வந்துவிட்டது என்று உடலுக்குச் சொல்லும் மெலடோனினை விடுவதும், விடியலில் நிறுத்துவதும் அதன் உத்தரவு. மெலனாப்சின் செல்களின் கிளைகள் மனநிலையோடு தொடர்புள்ள பகுதிகளுக்கும் போகின்றன. எலிகளில் கடிகாரத்தைத் தொடாமலே மனநிலையை மாற்றும் தனிப் பாதை ஒன்றை 2018இல் காட்டினார்கள்.

பருவத்தோடு மூளையின் வேலை மாறுகிறதா? 2016இல் பெல்ஜியத்தின் லியேஜில் நடந்த ஆய்வு நல்ல ஆதாரம். 28 பேரை ஆண்டின் வெவ்வேறு காலங்களில் நாலரை நாள் பகல் வெளிச்சமே படாத கூடத்தில் வைத்துப் பிறகு மூளை வேலை செய்வதைக் காட்டும் எஃப்எம்ஆர்ஐ ஸ்கேன் எடுத்தார்கள். கவனத்தைத் தொடர்ந்து நிறுத்தும் வேலையில் மூளையின் துலங்கல் ஜூன் வாக்கில் உச்சம், டிசம்பர் வாக்கில் அடி. நினைவில் வைத்துக் கையாளும் வேலையில் உச்சம் இலையுதிர் காலம், அடி வசந்தம். ஆனால் சோதனையில் அவர்கள் வாங்கிய மதிப்பெண் எந்த மாதத்திலும் மாறவில்லை! மூளை வேறு அளவில் உழைத்து அதே வேலையை முடித்திருக்கிறது. தலைப்புச் செய்திகளில் இந்தப் பாதிதான் விட்டுப்போகும். லியேஜ் 50 பாகைதான், துருவம் அல்ல என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ட்ரொம்சோவிலேயே 1990களின் இறுதியில் கோடையும் குளிர்காலமும் ஒப்பிட்டு அறிதிறன் சோதனைகள் நடந்தன. பெரும்பாலானவற்றில் வேறுபாடு இல்லை. வேறுபாடு தென்பட்ட சிலவற்றில் பெரும்பாலும் குளிர்காலமே மேல். "இருளில் மூளை மந்தமாகும்" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வதற்கு அங்கே இடமில்லை.

மனநிலையோடு தொடர்புள்ள மூளை வேதிப்பொருளான செரோடோனினின் கதை இன்னும் உறுதியானது. 2002இல் ஆஸ்திரேலியாவில் 101 ஆண்களின் கழுத்துச் சிரை இரத்தத்தை அளந்தபோது மூளையின் செரோடோனின் சுழற்சி குளிர்காலத்தில் மிகக் குறைவு. அன்றன்று எத்தனை மணி நேரம் நல்ல வெயில் என்பதோடு அது ஏறி இறங்கியது. செரோடோனினைத் திரும்ப உறிஞ்சும் கடத்திப் புரதம் இலையுதிர், குளிர்காலங்களில் கூடுவதை 2008இல் டொரொன்டோவில் மூளையைப் படமெடுக்கும் பெட் ஸ்கேன் வழியே காட்டினார்கள். இதில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது 2016ஆம் ஆண்டு கோபன்ஹேகன் ஆய்வு. பருவத்தால் பாதிக்கப்படாதவர்களின் மூளை குளிர்காலத்தில் அந்தக் கடத்தியைக் குறைத்துச் சமாளித்தது. குளிர்கால மனச்சோர்வு வருகிறவர்களுக்கு அந்தக் குறைப்பு நடக்கவில்லை. இருள் எல்லாருக்கும் ஒன்று, ஈடுகட்டும் திறன் ஆளுக்கு ஆள் வேறு.

பதற்றத்துக்கு: 2021இல் 23 பேரை ஸ்கேனரில் வைத்து இருட்டு, 10 லக்ஸ், 100 லக்ஸ் என்று வெளிச்சத்தின் அளவை மாற்றிப் பார்த்தார்கள். வெளிச்சம் பட்டதும், பயத்தையும் பதற்றத்தையும் எழுப்பும் மூளைப் பகுதியான அமிக்டலாவின் செயல்பாடு தணிந்தது. 100 லக்ஸில் கூடுதலாகத் தணிந்தது. அமிக்டலாவுக்கும் அதை அடக்கும் முன்மூளைப் பகுதிக்கும் இடையிலான ஒத்திசைவும் வலுத்தது. 100 லக்ஸ் என்பது ஒரு வீட்டு வரவேற்பறை வெளிச்சம், அவ்வளவுதான்.

#3 கணக்குப்பிள்ளை

நரம்புக்கணு நன்றாக எழுதியிருக்கிறீர்கள். ஆனால் ஸ்கேனர் ஒரு பக்கம், மக்கள்தொகை ஒரு பக்கம். ட்ரொம்சோவில் ஏறக்குறைய 9,000 பேரிடம் எடுத்த தரவை 2012இல் வெளியிட்டார்கள். மனவேதனை அளவீட்டில் குளிர்காலத்துக்கென்று கூடுதல் இல்லை. ஐஸ்லாந்தில் பருவகால மனச்சோர்வு அமெரிக்கக் கிழக்குக் கரையைவிடக் குறைவு என்று 1993இலேயே வந்துவிட்டது. 2016இல் அமெரிக்காவில் 34,294 பேரின் தரவில் மனச்சோர்வுக்கும் பருவத்துக்கும், அகலாங்குக்கும் தொடர்பே தெரியவில்லை. நோய் வகைப்பாட்டு நூலான டிஎஸ்எம் ஐந்தில் "பருவப் பாங்கு" என்ற அடைமொழி மனச்சோர்வுக்கும் இருமுனைக் கோளாறுக்கும் (மனச்சோர்வும் மிகை உற்சாகமும் மாறி மாறி வருவது) உண்டு, பதற்றக் கோளாறுகளுக்கு இல்லை.

அப்படியிருக்க, "வடக்கே போனால் பதற்றம் வரும்" என்று நம்மவர்களைப் பயமுறுத்துவது எதற்கு? பயமே பாதி நோயாகிவிடும்.

#4 நரம்புக்கணு

பயமுறுத்த வேண்டாம் என்பதில் முழு உடன்பாடு. ஆனால் அதே ட்ரொம்சோ தரவில் நீங்கள் விட்ட வரி ஒன்று இருக்கிறது. குளிர்காலத்தில் தூக்கப் பிரச்சினை கூடியது. என் வாதமே அங்கேதான் தொடங்குகிறது.

மனிதரின் உள்கடிகாரம் சராசரியாக 24 மணி 11 நிமிடம் ஓடும். காலை வெளிச்சம் தினமும் அதை முன்னால் இழுத்து 24க்குள் நிறுத்துகிறது. டிசம்பரில் அந்த இழுப்பு இல்லை. மாலையில் கணினித் திரையும் கூரை விளக்கும் எதிர்ப்பக்கம் தள்ளும். நாளுக்குப் பத்து நிமிடம் நழுவினால் மூன்று வாரத்தில் தூக்கம் மூன்றரை மணி நேரம் தள்ளிப்போகும். ஆனால் வேலை காலை ஏழு மணிக்குத்தான். ஆக, பின்னிரவு இரண்டு வரை படுக்கையில் விழித்துக் கிடப்பது, ஆறுக்கு அலாரம். கானாவின் 5 பாகையிலும் நோர்வேயின் 69 பாகையிலும் மாணவர்களை ஒப்பிட்ட 2012 ஆய்வில் இதே வடிவம் வந்தது. நோர்வே மாணவர்களுக்குக் குளிர்காலத்தில் படுப்பதும் எழுவதும் தள்ளின, தூக்கமின்மையும் களைப்பும் கூடின. கானாவில் பருவ மாற்றம் பெரிதாக இல்லை.

தூக்கம் போனால் பதற்றம் வரும் வழி தெரிந்ததே. ஒரு இரவு முழுக்கத் தூங்காதவர்களின் அமிக்டலா, விரும்பத்தகாத படங்களுக்கு 60 விழுக்காடு கூடுதலாகத் துலங்கியது என்று 2007இல் காட்டினார்கள். அதோடு, இருட்டில் விழித்துக் கிடக்கும் மூன்று மணி நேரம் கவலைகள் எல்லாம் வரிசையாக வரும் நேரம். இதயம் அடிப்பது காதில் கேட்கும், அதுவே புதுக் கவலையாகும்.

வடக்கில் பதற்றம் பெரும்பாலும் இருளின் நேரடி விளைவு அல்ல, இடம் பெயர்ந்த கடிகாரத்தின் விளைவு என்பதே என் நிலைப்பாடு. அதனால்தான் சராசரியில் தெரியாமல் சிலரிடம் மட்டும் கடுமையாகத் தெரிகிறது. திருத்த வேண்டியதும் கடிகாரத்தைத்தான்.

#5 வெண்பனி

ஒரு சின்ன இடைச்செருகல். இதே ட்ரொம்சோ ஆய்வாளர்கள் பனிமான்களில் பார்த்தது: துருவ இரவிலும் நள்ளிரவுச் சூரியன் காலத்திலும் அவை 24 மணி நேரச் சுழற்சியையே கைவிட்டு, பசித்தால் மேய்வது, அசைபோடுவது என்று வாழ்கின்றன. குளிர்காலத்தில் அவற்றின் விழியின் பின்படலம் பொன்னிறத்திலிருந்து நீலமாக மாறி மங்கல் வெளிச்சத்தைக் கூடுதலாகப் பிடிக்கிறது. நமக்கு அந்த ஏற்பாடு எதுவும் இல்லை. கடிகாரத்தை விட முடியாது, கண்ணையும் மாற்ற முடியாது.

சரி, பகல் வெளிச்சத்துக்கு ஈடாக முகத்தில் வெளிச்சம் பாய்ச்சும் விளக்குப் பெட்டி வாங்கச் சொல்கிறார்கள். கடையில் எல்லாப் பெட்டியிலும் "10,000 லக்ஸ்" என்றுதான் போட்டிருக்கிறது. விலை மட்டும் ஐந்து மடங்கு வேறுபடுகிறது. ஏன்?

#6 ஒளிமானி

லக்ஸ் என்பது விளக்கின் குணம் இல்லை. ஒரு குறிப்பிட்ட இடத்தில் வந்து விழும் வெளிச்சத்தின் அளவு. ஆகவே பெட்டியில் தேட வேண்டியது "எத்தனை செ.மீ. தூரத்தில்" என்ற எண். அது போடாத பெட்டியை வாங்காதீர்கள்.

கணக்கு இதோ. 30 க்கு 40 செ.மீ. பலகை 30 செ.மீ. தூரத்தில் 10,000 லக்ஸ் தருகிறது என்று வையுங்கள். 60 செ.மீ. தள்ளி உட்கார்ந்தால் கண்ணில் விழுவது ஏறத்தாழ 3,200. அதே, 12 க்கு 20 செ.மீ. அளவுள்ள சின்னப் பலகை 15 செ.மீ.யில் 10,000 தந்தால், சாப்பாட்டு மேசையில் 50 செ.மீ. தள்ளி வைக்கும்போது 1,200 பக்கம்தான். மலிவுப் பெட்டிகளின் குட்டு இதுதான். 15 செ.மீ.யில் மூக்கை வைத்துக்கொண்டு அரை மணி நேரம் யாரும் உட்காரப் போவதில்லை. பலகை பெரிதாக இருந்தால் தலையைக் கொஞ்சம் அசைத்தாலும் அளவு சரியாது.

அளவும் நேரமும் பெருக்கல் கணக்கு போலத்தான், ஏறக்குறைய. 10,000 லக்ஸ் அரை மணி, 5,000 லக்ஸ் ஒரு மணி, 2,500 லக்ஸ் இரண்டு மணி. 1980களின் முதல் ஆய்வுகள் 2,500இல்தான் நடந்தன. அரை மணியில் முடிக்கவே 10,000க்கு ஏற்றினார்கள்.

வைக்கும் விதம்: விளக்கு கண் மட்டத்துக்குச் சற்று மேலே, நேர் எதிரில் இல்லாமல் 30 பாகை பக்கவாட்டில், முகத்தை நோக்கிச் சாய்ந்து. உற்றுப் பார்க்க வேண்டாம். கண் திறந்திருக்க வேண்டும், அவ்வளவே. சாப்பிடலாம், செய்தித்தாள் வாசிக்கலாம். கைபேசியைக் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தால் இமையும் புருவமும் பாதி வெளிச்சத்தை மறைத்துவிடும், பலர் "எனக்கு வேலை செய்யவில்லை" என்பதற்கு இது ஒரு காரணம். நீல விளக்கு தனியாகத் தேவையில்லை. 4,000 முதல் 5,000 கெல்வின் வெள்ளை போதும், நீலம் அதிலேயே உண்டு. புற ஊதாக் கதிர் வடிகட்டியது என்று எழுதியிருக்க வேண்டும்.

அளந்து பார்க்க ஆசைப்பட்டால் கைபேசிச் செயலியை நம்பாதீர்கள், உணரி ஒவ்வொன்றும் ஒரு விதம். லக்ஸ் மீட்டர் ஒன்றை நண்பர்கள் சேர்ந்து வாங்கலாம். உணரியைக் கண் இருக்கும் இடத்தில், கண் பார்க்கும் திசையில் நிமிர்த்திப் பிடிக்க வேண்டும். மேசையில் மல்லாத்தி வைத்து அளந்த எண் மேசைக்குத்தான் பொருந்தும்.

ஒப்பிட: கூரை விளக்கு மட்டும் போட்ட வீட்டு அறையில் கண் மட்டத்தில் 50 முதல் 150 லக்ஸ். அலுவலகம் 300 முதல் 500. ஒரு மெழுகுவர்த்தி ஒரு மீட்டர் தூரத்தில் 1 லக்ஸ். ட்ரொம்சோ டிசம்பர் நண்பகல் அந்தி சில பத்து லக்ஸ்.

#7 வெண்பனி

நன்றி, விலையின் மர்மம் விளங்கியது. நேரம்? காலை ஆறு மணிக்கு எழுந்தவுடன் போட்டால் போதுமா?

#8 நரம்புக்கணு

இங்கேதான் பலருக்குச் சறுக்குகிறது, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

உடல் வெப்பம் இரவில் ஒரு கட்டத்தில் மிகக் கீழே இறங்கும். இயல்பாக, அலாரம் இல்லாமல் விழிக்கும் நேரத்துக்கு இரண்டு மூன்று மணி முன்பு. அந்தப் புள்ளிக்குப் பிறகு படும் வெளிச்சம் கடிகாரத்தை முன்னால் கொண்டுவரும். அதற்கு முன்பு படும் வெளிச்சம் பின்னால் தள்ளும்.

ஒருவர் விடுமுறை நாளில் தானாக விழிப்பது பத்து மணி என்றால் அவருடைய புள்ளி ஏழு, எட்டு மணி. அவர் ஆறு மணிக்கு எழுந்து 10,000 லக்ஸ் போட்டால் உடலுக்கு அது நடுராத்திரி வெளிச்சம். கடிகாரம் இன்னும் தள்ளிப்போகும். இரண்டு வாரம் ஒழுங்காகப் போட்டும் தூக்கம் மோசமாவது இப்படித்தான்.

செய்ய வேண்டியது: அலாரம் இல்லாத நாளில் எப்போது விழிக்கிறீர்கள் என்று முதலில் குறித்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில் விளக்கைத் தொடங்குங்கள். நாளுக்கு 15 முதல் 30 நிமிடம் முன்னால் நகர்த்துங்கள், எழும் நேரத்தையும் கூடவே. கிறிஸ்துமஸ் விடுமுறை இதற்கு ஏற்ற காலம். விடுமுறை கிடைக்காதவர்கள் முதல் வாரம் ஆறு மணிக்கு மங்கல் விளக்கில் கிளம்பி, ஒன்பது பத்து மணி இடைவேளையில் வேலையிடத்தில் விளக்கைப் போட்டு, பிறகு மெல்ல முன்னால் கொண்டு வரலாம். நேரம் சரியாக அமைந்தபின் தினமும் அதே நேரம், ஞாயிறும் சேர்த்து.

கணக்கின் மறுபாதியான மாலையைப் பலர் மறந்துபோகிறார்கள். படுக்கைக்கு மூன்று மணி முன்பிருந்து கூரை விளக்கை அணைத்து, தாழ்வான மஞ்சள் விளக்கு ஒன்றிரண்டு மட்டும். 2022இல் வல்லுநர் குழு ஒன்று தந்த அளவு இது: மெலனாப்சின் செல்கள் உணரும் வெளிச்சக் கணக்கில் பகலில் கண்ணில் குறைந்தது 250 லக்ஸ், மாலையில் 10க்கு மேல் வேண்டாம், உறங்கும்போது 1க்கு மேல் வேண்டாம். நோர்வீஜியர்கள் குளிர்கால மாலையில் சன்னலோரம் மெழுகுவர்த்தி ஏற்றி உட்காருவது இந்தக் கணக்குக்கு அச்சாகப் பொருந்துகிறது. நம்மவர் வீடுகளில் இரவு பத்து மணிக்கும் குழல் விளக்கு எரியும், அதை மாற்றினாலே ஒரு பங்கு வேலை முடிந்தது.

பலன் ஒரு வாரத்தில் தொடங்கலாம், இரண்டு வாரத்தில் தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் தூரத்தைச் சரிபாருங்கள், பிறகு 45 நிமிடமாக்குங்கள். நிறுத்தினால் சில நாளில் பழையபடி திரும்பும், ஆகவே மார்ச் வரை தொடர வேண்டும்.

#9 ஃபின்மார்க் தமிழன்

எங்கட ஆக்களின்ர நிலைமையைக் கொஞ்சம் சொல்ல வேணும். எண்பதுகளிலயும் தொண்ணூறுகளிலயும் நோர்வேயின்ர வடகோடியான ஃபின்மார்க் கரையோரத்து மீன் தொழிற்சாலைகளுக்கு எத்தனையோ தமிழ்க் குடும்பங்கள் வந்தது எல்லாருக்கும் தெரியும். வேலை முழுக்க உள்ளுக்கை. சன்னல் இல்லாத மண்டபம், குளிர், ஈரம், ஷிஃப்ட். நண்பகல் நீல வெளிச்சம் வெளியில இருந்தாலும் அது அவைக்குக் கிடைக்காது. ஓஸ்லோவுக்கு இடம்பெயர்ந்த ஆக்கள் கனபேர். இன்னும் வடக்கில இருக்கிற ஆக்களுக்கு இது முக்கியம்.

நோர்வே மானிடவியலாளர் ஒருவர் வடக்குக் கரையில் மீன்பிடிக் கிராமம் ஒன்றில இருந்த தமிழ் அகதிகளைப் பற்றி நீண்ட ஆய்வு செய்தவ. எங்கட சனம் மனவேதனையோட டொக்டரிட்டப் போனால் சொல்லுறது உடம்பு நோ, தலையிடி, கை கால் உளைவு. டொக்டர் எக்ஸ்ரே எடுப்பார், இரத்தம் பாப்பார், ஒண்டும் இல்லை எண்டு அனுப்புவார். பதகளிப்பு எண்ட வார்த்தையே அந்த அறையில வராது.

ஆனபடியால் குடும்ப டொக்டரிட்டப் போகேக்க இதை எழுதிக்கொண்டு போங்கோ: இரண்டு கிழமைக்குத் தினமும் எத்தனை மணிக்குப் படுத்தது, எப்ப நித்திரை வந்தது, எத்தனை தரம் எழும்பினது, எப்ப எழும்பினது, கோப்பி எத்தனை, நெஞ்சு படபடப்பு வந்த நேரம். "எல்லா வருசமும் நவம்பரில தொடங்கி மார்ச்சில போகுது" எண்ட ஒரு வரி கட்டாயம் சொல்ல வேணும். அந்த வரி இல்லாட்டி டொக்டருக்குப் பருவம் ஞாபகம் வராது. மொழி தடையெண்டால் மொழிபெயர்ப்பாளர் கேளுங்கோ, அது உங்கட உரிமை. பிள்ளையளை மொழிபெயர்க்கக் கூட்டிக்கொண்டு போகாதேங்கோ, பிள்ளைக்கு முன்னால தாய் தகப்பன் உண்மையைச் சொல்ல மாட்டினம்.

கோப்பி பற்றியும் சொல்ல வேணும். இருள் காலத்தில களைப்பு எண்டு பின்னேரம் நாலைந்து கோப்பை குடிக்கிறது வழமை. கஃபீனில பாதி உடம்பை விட்டுப் போகவே ஐந்து ஆறு மணித்தியாலம் எடுக்கும். படபடப்பும் தரும், நித்திரையையும் கெடுக்கும். மத்தியானத்தோட நிப்பாட்டுங்கோ.

#10 கணக்குப்பிள்ளை

ஃபின்மார்க் அண்ணன் சொன்னது கணக்கிலும் பெரிய விஷயம். கேள்வித்தாளில் "பதற்றம் உண்டா" என்று கேட்டால் இல்லை என்பவர், "நெஞ்சு அடைக்கிறதா" என்றால் ஆம் என்பார். புலம்பெயர்ந்தவர்களுக்குப் பதற்றம் குறைவு என்று வரும் எண்களை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது.

விட்டமின் டி பற்றி யாராவது தெளிவாக எழுதுங்கள். எல்லாவற்றுக்கும் அதுவே மருந்து என்று சமூக ஊடகத்தில் ஓடுகிறது.

#11 மருந்துச்சீட்டு

விட்டமின் டி: 69 பாகையில் அக்டோபரிலிருந்து மார்ச் வரை ஏறக்குறைய தோலில் அது உருவாகாது, சூரியன் அவ்வளவு தாழ்வு. நம் தோலின் நிறத்துக்குக் கோடையிலும் வெள்ளைத்தோலைவிடக் கூடுதல் நேரம் வெயில் வேண்டும். உடலை மூடிய உடையும் சேர்ந்தால் ஆண்டு முழுக்கக் குறைவு. இரத்தத்தில் லிட்டருக்கு 50 நானோமோலுக்குக் கீழ் என்றால் குறைபாடு. நோர்வேப் பரிந்துரை நாளுக்கு 10 மைக்ரோகிராம், அதாவது மீன் ஈரல் எண்ணெய் ஒரு தேக்கரண்டி, 5 மி.லி. எலும்புக்கும் தசைக்கும் கட்டாயம் தேவை. உடம்பு நோவுக்கு ஒரு காரணம் இதுவாகவும் இருக்கும். ஆனால் பருவகால மனச்சோர்வையோ பதற்றத்தையோ அது தீர்க்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். இன்னொரு குழப்பம்: விளக்குப் பெட்டி விட்டமின் டி தராது. புற ஊதாக் கதிரை வடிகட்டியதுதான் நல்ல பெட்டி. இரண்டும் வேறு வேறு பிரச்சினைக்கு வேறு வேறு வழி.

விளக்கு யாருக்கு ஆபத்து என்பதை ஒருவரும் எழுதவில்லையே. இருமுனைக் கோளாறு உள்ளவர்களும், குடும்பத்தில் அது இருப்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் காலையில் 10,000 லக்ஸ் போடக் கூடாது. மிகை உற்சாகத்துக்குத் தள்ளிவிடும். தூக்கம் நாலு மணியாகச் சுருங்கியும் களைப்பில்லை, பேச்சு ஓயவில்லை, கடன் வாங்கிச் செலவு என்றால் விளக்கை அன்றே அணைத்து மருத்துவரை அழையுங்கள். இத்தகையவர்களுக்கு நண்பகலில் 7,000 லக்ஸ் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2018இல் நல்ல பலன் காட்டியது, ஆனால் மருந்தோடு, கண்காணிப்போடு. விழித்திரை நோய், நீரிழிவால் கண் பாதிப்பு உள்ளவர்கள் கண் மருத்துவரைக் கேட்க வேண்டும். நம்மவரில் நீரிழிவு எவ்வளவு என்பது தெரிந்ததே. வெளிச்ச ஒவ்வாமை தரும் மருந்துகளும் உண்டு, மருந்தாளரிடம் பட்டியலைக் காட்டுங்கள்.

பதற்றம் முதன்மையாக உள்ளவருக்கு எடுத்ததும் அரை மணி நேரம் கொடுத்தால் படபடப்பு, தலைவலி, குமட்டல் வரலாம். 10 நிமிடத்தில் தொடங்கி மூன்று நாளுக்கு ஒருமுறை 5 நிமிடம் கூட்டுங்கள். வந்துவிட்டால் விளக்கைத் தள்ளி வையுங்கள், நிறுத்த வேண்டாம்.

மருந்து: 2006இல் கனடாவில் 96 பேரிடம் விளக்கையும் மனச்சோர்வு மருந்தான ஃப்ளூவோக்செட்டினையும் நேருக்கு நேர் வைத்துப் பார்த்தபோது பலன் சமம். பியூப்ரோபியான் என்ற இன்னொரு மருந்தைப் பருவகால மனச்சோர்வைத் தடுக்க அமெரிக்கா 2006இல் அங்கீகரித்தது. ஆனால் பதற்றம் மிகுந்தவருக்கு அது படபடப்பையும் தூக்கமின்மையையும் கூட்டக்கூடும், மருத்துவரிடம் பதற்றத்தைச் சொல்லாமல் களைப்பை மட்டும் சொன்னால் இந்தத் தவறு நேரும். மெலடோனின் விழுங்கினால் தூங்கிவிடலாம் என்றும் நினைக்க வேண்டாம். கடிகாரத்தை நகர்த்த அரை மில்லிகிராம் போல மிகச் சிறு அளவு, அதுவும் படுக்கைக்குப் பல மணி முன்பு. கூடுதல் அளவு மறுநாள் காலை மந்தத்தைத்தான் தரும்.

பேச்சுச் சிகிச்சையை யாரும் மதிப்பதில்லை, அது வருத்தம். அமெரிக்காவின் வெர்மான்டில் பருவகால மனச்சோர்வுக்கென அமைத்த அறிதல்-நடத்தைச் சிகிச்சை, ஆறு வாரத்தில் 12 அமர்வு. அந்தக் குளிர்காலத்தில் விளக்குக்குச் சமமான பலன். இரண்டு குளிர்காலம் கழித்துப் பார்த்தால் திரும்ப நோய் வந்தவர்கள் விளக்குக் குழுவில் 45.6 விழுக்காடு, பேச்சுச் சிகிச்சைக் குழுவில் 27.3. விளக்கைத் தினமும் போட வேண்டும், கற்றுக்கொண்டது கூடவே இருக்கும்.

#12 வெண்பனி

துருவத்தில் இருந்தால் மூளை சுருங்கும் என்று அன்டார்டிகா ஆய்வு ஒன்றைக் காட்டிப் பரப்புகிறார்களே?

#13 நரம்புக்கணு

நொய்மையர் நிலையத்தில் 14 மாதம் இருந்த ஒன்பது பேர், 2019. நினைவுக்கான மூளைப் பகுதியான ஹிப்போகாம்பசின் ஒரு பகுதி ஏறக்குறைய 7 விழுக்காடு சிறுத்தது உண்மை. ஆனால் அவர்கள் அதே ஒன்பது முகம், அதே வெள்ளை நிலம், வெளியேற வழியில்லாத தனிமை. ஆய்வாளர்களே தனிமையையும் சலிப்பையும்தான் சுட்டினார்கள். ட்ரொம்சோவில் பல்கலைக்கழகம் இருக்கிறது, திரையரங்கு இருக்கிறது, பேருந்து ஓடுகிறது. இரண்டையும் ஒப்பிட முடியாது. மனிதரைப் பார்க்காமல் நவம்பர் முதல் அறைக்குள் இருப்பவருக்கு அந்த ஆய்வில் எச்சரிக்கை உண்டு, அது வேறு.

ட்ரொம்சோவில் நடந்த இன்னொரு ஆய்வு: குளிர்காலத்தை ரசிக்கத் தக்க காலமாகப் பார்ப்பவர்களின் மனநலம் மேலாக இருந்தது, அப்படிப் பார்ப்பது வடக்கே போகப் போகக் கூடியது, ஸ்வால்பார்டில் மிக அதிகம். காரணம் எது விளைவு எது என்று பிரிக்க முடியாது. ஆனாலும் விளக்குப் போட்ட பனிச்சறுக்குத் தடத்தில் நெற்றி விளக்கோடு அரை மணி நடப்பதற்குச் செலவில்லை. நண்பகல் அந்தியில் நடந்தால் இன்னும் நல்லது. புதுப்பனி தன்மேல் விழும் வெளிச்சத்தில் எண்பது தொண்ணூறு விழுக்காட்டைத் திருப்பிக் கண்ணுக்கே அனுப்பும்.

#14 ஃபின்மார்க் தமிழன்

எல்லாரும் குளிர்காலத்தையே கதைக்கிறியள். சனம் கூடக் குழம்புறது மே, ஜூனில. பிள்ளையள் இரவு பன்னிரண்டு மணிக்கு முற்றத்தில பந்து அடிக்குதுகள், தாய் தகப்பன் மூன்று மணிக்கு விழிச்சுக்கொண்டு கிடக்கினம்.

#15 மருந்துச்சீட்டு

சரியான இடத்தில் கை வைத்தீர்கள். கோடையை லேசாக எடுக்கக் கூடாது. கிரீன்லாந்தில் 1968 முதல் 2002 வரையான பதிவுகளை ஆராய்ந்தபோது தற்கொலைகள் குவிந்தது இருள் மாதங்களில் அல்ல, ஜூனில். வடக்கே போகப் போக அந்தக் குவிவு கூடியது. இடைவிடாத வெளிச்சம், தூக்கமின்மை, உள்ளக் கொந்தளிப்பு என்ற வரிசையை ஆய்வாளர்கள் காரணமாகக் கருதினார்கள். குளிர்காலச் சோர்வில் இருந்தவர் வசந்தத்தில் திடீரென்று சுறுசுறுப்பாகி, தூக்கம் குறைந்து, அமைதியிழந்தால் குணமாகிவிட்டார் என்று விட்டுவிடாமல் பக்கத்தில் இருங்கள். நேராகவே கேளுங்கள், கேட்பதால் எண்ணம் உண்டாகிவிடாது. நோர்வேயில் மனநல உதவித் தொலைபேசி 116 123, அவசர மருத்துவர் 116 117, உயிராபத்து என்றால் 113.

#16 ஒளிமானி

இருட்டாக்குவதும் அளவுக் கணக்குதான். துணி எவ்வளவு தடித்தாலும் வெளிச்சம் வருவது ஓரத்தில். சன்னல் சட்டத்துக்குள் பொருத்தும் சுருள் திரையில் இரு பக்கமும் ஒரு செ.மீ. இடைவெளி, ஜூன் நள்ளிரவில் அதுவே அறைக்குப் போதுமான வெளிச்சம். பக்கத்தில் தண்டவாளப் பட்டை உள்ள திரையாகப் பாருங்கள், அல்லது சட்டத்துக்கு வெளியே, நாலு பக்கமும் 15 செ.மீ. கூடுதலாகச் சுவரில் படிகிற திரைச்சீலை. மேல்விளிம்புக்கு ஒரு மூடுபலகை. வாடகை வீட்டில் ஆணி அடிக்க முடியாதவர்கள் கறுப்புத் துணியை வெல்க்ரோ பட்டையால் சட்டத்தில் ஒட்டலாம். அலுமினியத் தாளை நேராகக் கண்ணாடியில் ஒட்டாதீர்கள், இரட்டைக் கண்ணாடி சூடேறி விரிசல் விடக்கூடும்.

சோதனை எளிது. நள்ளிரவில் திரையை மூடி ஐந்து நிமிடம் கண்ணைப் பழக்குங்கள். நீட்டிய கையின் விரல்களை எண்ண முடிந்தால் இன்னும் கசிவு உண்டு.

பிள்ளைகளுக்கு: படுக்கும் நேரத்துக்கு ஒன்றரை மணி முன்பே வரவேற்பறைத் திரையையும் மூடிவிடுங்கள். படுக்கையறையை மட்டும் இருட்டாக்கினால், வெயிலில் ஓடிவிட்டு வந்த பிள்ளைக்கு அது தண்டனை அறையாகத்தான் தெரியும். பெரியவர்கள் மாலை வேலை முடிந்து வீடு திரும்பும்போது கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளலாம், வண்டி ஓட்டும்போது மிகக் கறுத்தது வேண்டாம்.

#17 வெண்பனி

கடைசியாக ஒன்று. ஜனவரியில் லாங்யியர்பீனில் மூன்று மாத வேலைக்குப் போகிறவர் என்ன கொண்டுபோக வேண்டும்? அங்கே நண்பகல் அந்தியும் இல்லை.

#18 நரம்புக்கணு

பெரிய பலகை விளக்கு ஒன்று, இங்கேயே வாங்கி அளந்து சரிபார்த்து. மங்கல் மஞ்சள் பல்பு இரண்டு, தங்கும் அறையின் வெள்ளைக் கூரை விளக்குக்கு மாற்றாக. விடியல் விளக்கு இருந்தால் அதுவும்: எழுவதற்கு ஒன்றரை மணி முன்பு தொடங்கி மெல்ல 250 லக்ஸ் வரை ஏற வேண்டும், தலைமாட்டில் முகம் பார்க்க. வெளிச்சக் குறி இல்லாத இடத்தில் சாப்பாட்டு நேரமும் மற்றவர்களோடு இருக்கும் நேரமும் கடிகாரத்துக்குத் துணைக் குறிகள். காலைச் சாப்பாட்டை அறைக்குக் கொண்டுபோகாமல் பொதுக்கூடத்தில் அதே நேரத்தில் சாப்பிடட்டும்.

ஜனவரி கடைசியில் நண்பகல் வானம் வெளுக்கத் தொடங்கும், பிப்ரவரி நடுவுக்குப் பிறகு பகல் நாளுக்கு இருபது நிமிடத்துக்கும் மேல் நீளும். ஏப்ரல் 20 வாக்கில் சூரியன் மறைவதே நின்றுவிடும். மூன்று மாதம் நாலாக நீளுமானால் இருட்டுத் திரையும் பெட்டியில் இருக்க வேண்டும்.